வெளிக்கோடு

ஓசூர்
9 ஜூன் 2024

அன்புத் தம்பி ரெக்ஸுக்கு உன் அக்கா எஸ்லின் எழுதுவது.

மாதா தயவில் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் சுஜாதாவும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அந்தப் பெண் சாப்பிடுகிறாளா என்பதைத் தனியாக எழுது. உன்னைப் பற்றி எனக்குக் கவலையில்லை, நீ பசியில் பலகையைக்கூடக் கடிப்பாய்.

அனிட்டா சிஸ்டர் வழியாக உன் கடிதம் வந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குக்கூடச் சொல்லமாட்டேன், தெரியாததை யாரும் அடித்துக் கேட்க முடியாது என்று எழுதியிருக்கிறாய். சரிதான். போனையும் தொடாதே. சுஜாதாவின் அண்ணன் சுரேந்தருடைய கூட்டாளி ஒருவன் செல்போன் கம்பெனியில் இருக்கிறானாம், சிம் போட்ட உடனே எந்த டவர் என்று சொல்லிவிடுவானாம். பெங்களூர் மடத்தில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த நம் சித்தி மகளுக்குத் தபால்காரி வேலை கொடுத்துவிட்டோம், பாவம்.

நீங்கள் பதிவுத் திருமணம் செய்த மறுநாள் மத்தியானமே உத்தனப்பள்ளியிலிருந்து நம் மரவேலைக் கடைக்கு இரண்டு வண்டி வந்தது. சுஜாதாவின் அப்பா ராஜப்பன் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. அண்ணன் சுரேந்தர்தான் ஆட்களோடு உள்ளே வந்தான். கண்ணாடியை உடைத்தார்கள். ஷெல்ஃபில் இருந்த அத்தனையையும், கல்யாண ஜோடிகளின் பெயர்ப்பலகை, கேக்கில் குத்தும் பொம்மை, ரிட்டையர் ஆகும் கம்பெனிக்காரருக்குச் செய்த மயில், போன கிறிஸ்துமஸுக்குச் செய்து மிஞ்சிய குடில் செட், எல்லாவற்றையும் ரோட்டில் கொட்டி பெட்ரோல் ஊற்றினார்கள். சூசையப்பர் எரிவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சுரேந்தரின் சட்டையைப் பிடித்தேன், அறைந்தான். காதுக்குள் இன்னும் ஈ பறக்கிற சத்தம்.

"ஊர்ல தலை நிமிந்து நடக்க முடியலடி. உன் தம்பி தலைய எடுத்தாந்து இந்தக் கடை வாசல்லயே வெக்கறேன் பாரு" என்றான்.

"வெச்சுட்டுப் போ. கண்ணாடிய யாரு மாத்தறது?" என்று கேட்டேன். அதற்கும் ஒன்று விழுந்தது.

பலகையில் உருவம் அறுக்கிற நம் மெஷின், அந்த ஸ்க்ரோல் சா, தப்பித்துவிட்டது. உள்ளறையில் துணி போட்டு மூடியிருந்தேன். தையல் மெஷின் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். ஆகவே ஆர்டர் எடுக்கிறேன், கடை நடக்கிறது. நீ நிம்மதியாக இரு.

ஆண்டவர் உங்கள் இருவர் மேலும் கண் வைத்திருக்கட்டும்.
அக்கா

---

30 ஜூன் 2024

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் நலம். சுஜாதா சாப்பிடுகிறாள். காது இப்போது எப்படி இருக்கிறது? டாக்டரிடம் போனாயா? போயிருக்கமாட்டாய்.

இங்கே ஓயாத மழை. ஒரு மரக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது. முதலாளி கன்னடக்காரர், நல்ல மனுஷன், பழைய ஸ்க்ரோல் சா ஒன்று வைத்திருக்கிறார். சுஜாதாவும் கற்றுக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தாள். முதல் வேலையாக ஒரு குருவி. நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் வெளிக்கோட்டைச் சுற்றி வெட்டி எடுத்துவிட்டாள். கண்ணும் இறகும் வெட்டாமல் உள்ளே அப்படியே கிடக்கின்றன. பிடித்து வெட்டக் கையளவு பலகைகூட மிச்சமில்லை. பிளேடு ஏறியதும் குருவி துள்ளிப் போய்ச் சுவரில் அடித்து இரண்டாகிவிட்டது. எனக்கு நீ தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்ததை நான் அவளுக்குக் குட்டாமல் சொல்லிக்கொடுத்தேன்: துளை போடு, பிளேடைக் கழற்றித் துளைக்குள் விட்டு மாட்டு, உள்ளே இருப்பதை எல்லாம் முதலில் வெட்டு, வெளிக்கோடு எப்போதும் கடைசி. அழுதுவிட்டாள். குருவிக்காக அழவில்லை என்று எனக்குத் தெரியும்.

அக்கா, உன்னை அறைந்தவன் எந்தக் கையால் அறைந்தான்? அதை மட்டும் எழுது. மற்றவன்கள் பெயரையும் எழுது. வேலை செய்யும்போதெல்லாம் அந்தக் கைதான் கண்ணில் நிற்கிறது.

ஜிம்மிக்கு ஒரு எலும்பும் என் முத்தமும்.
ரெக்ஸ்

---

ஓசூர்
28 ஜூலை 2024

தம்பிக்கு அக்காவின் ஆசீர்.

நலமே. சளி பிடித்தால் கஷாயம் குடி, மரத்தூளோடு ஈரமும் சேர்ந்தால் உன் நெஞ்சு தாங்காது.

எந்தக் கை என்று எழுதமாட்டேன். கையா முக்கியம்? நம் அப்பா சகாயநாதனை நினைத்துப் பார். பர்கூர் குவாரியில் ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னான் என்று சம்மட்டியைத் தூக்கினார். அவன் மண்டை உடைந்து செத்தான், அப்பா ஜெயிலிலேயே செத்தார், அம்மா அதோடு படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சாகும்போது அவள் கேட்டது ஒன்றுதான். "இவன் கை அவரு கை மாதிரி ஆகாம பாத்துக்க எஸ்லின்." உனக்கு இந்த மெஷினை வாங்கிக் கொடுத்ததே அதற்குத்தான். கோபம் வந்தால் பலகையை வெட்டு, நுணுக்கமாக வெட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டு. நீ அதில் என்னைவிடக் கெட்டிக்காரன் ஆனது அந்தக் கோபத்தால்தான். இப்போது போய் அதைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ உயிரோடு இருந்தால் மட்டும் எனக்குப் போதாது. நீ யாரையும் கொல்லாமலும் இருக்க வேண்டும்.

ஜிம்மி செத்துவிட்டான். வயதாகிவிட்டது இல்லையா? பின்பக்கம் கொய்யா மரத்தடியில் புதைத்தேன்.

குருவிக்காரியிடம் சொல், நான் முதலில் வெட்டிக் கெடுத்தது ஒரு அந்தோணியார் என்று. அவருக்கு மூக்கே வரவில்லை.

உங்கள் வழிக்கு வெளிச்சம் குறையாதிருக்க ஜெபிக்கும்
அக்கா

---

ஓசூர்
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தம்பி ரெக்ஸுக்கும் அன்புள்ள சுஜாதாவுக்கும்,

இங்கு அனைவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல்.

ஒரு சந்தோஷச் செய்தி. சுஜாதாவின் அப்பாவும் அண்ணனும் நேரில் வந்து பேசினார்கள். நடந்ததை மறந்துவிடலாம் என்கிறார்கள். அம்மா லட்சுமியம்மாள் மகளைப் பார்க்காமல் ஏங்கிப் போயிருக்கிறார்களாம். கிருஷ்ணகிரியில் மண்டபம் பிடித்து ஊரறிய வரவேற்பு வைக்கிறார்கள். செப்டம்பர் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வருவார். பயப்பட ஒன்றுமில்லை, நான் பொறுப்பு.

மண்டப வாசலில் வைக்க உங்கள் பெயர்ப்பலகையைத் தேக்கில் செய்துகொண்டிருக்கிறேன். வழக்கம்போல வெளிக்கோட்டை முதலில் வெட்டி எடுத்துவிட்டேன். இனி உள்ளே இருப்பதை நிதானமாக வெட்ட வேண்டும். நீ வருவதற்குள் முடிந்துவிடும்.

பதிலை உடனே எழுதவும்.

இப்படிக்கு,
எஸ்லின்

---

25 ஆகஸ்ட் 2024

அன்பு அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்து நாங்கள் இருவரும் அழுதோம். சுஜாதாவுக்கு அவள் அம்மாவைப் பார்க்க வேண்டும், அண்ணன் மடியில் தலை வைத்துப் படுக்க வேண்டும். மாமாவிடமும் மச்சானிடமும் எங்கள் நன்றியைச் சொல். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்குகிறோம்.

வெளிக்கோட்டை முதலில் வெட்டியது நல்லதாகப் போயிற்று. நானும் இங்கே இப்போதெல்லாம் அப்படித்தான் வெட்டுகிறேன், வேலை சீக்கிரம் முடிகிறது.

அக்கா, நீ பத்திரமாக இரு. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் பெங்களூர் போய் அனிட்டா சிஸ்டரையும் வரவேற்புக்குக் கூப்பிட்டுவிட்டு வா. மறக்காமல் போ.

ரெக்ஸ்

---

ஓசூர்
18 செப்டம்பர் 2024

தம்பி,

நலம். கடிதம் சின்னதாக இருக்கிறதே என்று நினைக்காதே.

நீ புரிந்துகொண்டாய். அதை நினைத்து நான் சிரிக்காத நாளில்லை. பஸ் ஸ்டாண்டில் காலையிலிருந்து நின்றார்கள். ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தார்கள். அப்புறம் போய்விட்டார்கள்.

எழுத்து கோணலாக இருப்பதற்கு ஒன்றும் நினைக்காதே. கையில் பிளேடு பட்டுவிட்டது.

நீங்கள் இடம் மாறிவிட்டீர்கள்தானே? அதை மட்டும் ஒரு வரி எழுது.

அக்கா

---

29 செப்டம்பர் 2024

அக்கா,

இடம் மாறிவிட்டோம். நலம். நீ நலமில்லை.

நம் மெஷினின் பிளேடு பட்டால் தோல்தான் கிழியும், வாயில் வைத்துச் சப்பிவிட்டு அடுத்த துண்டை எடுப்போம். அதற்காக யாரும் இடது கையால் எழுதமாட்டார்கள். உன் எழுத்து எனக்குத் தெரியாதா? எனக்கு அ, ஆ எழுதக் கை பிடித்துக் காட்டியதே நீதான். அனிட்டா சிஸ்டருக்குப் பக்கத்துக் கடையிலிருந்து போன் பண்ணினேன். உன்னை வந்து பார்த்ததாகச் சொன்னார். எப்படி இருக்கிறாள் என்றேன். அழுதுவிட்டு போனை வைத்துவிட்டார்.

என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் எழுது. எழுதாவிட்டால் நேரில் வந்து பார்ப்பேன்.

ரெக்ஸ்

---

ஓசூர்
9 அக்டோபர் 2024

தம்பிக்கு,

புண் ஆறிக்கொண்டு வருகிறது, காய்ச்சல் விட்டுவிட்டது. இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதுகிறேன். நீ வரமாட்டாய் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு வந்தாயானால் என்னை ஏமாற்றினவன் ஆவாய்.

ஜிம்மி வயதாகிச் சாகவில்லை. கழுத்தில் கம்பி சுற்றி கேட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். ஆகஸ்டில் அந்தக் கடிதத்தை சுரேந்தர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினேன். முதலில் நீங்கள் இருக்கும் இடத்தைத்தான் கேட்டான். தெரியாது என்பதை நம்ப அவனுக்கு வெகுநேரம் ஆனது. என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதி மோதிக் கேட்டான். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ, அன்றைக்கு நீ சொல்லாமல் விட்டதற்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அப்புறம்தான் கடிதம் எழுதி வரவழைக்கும் யோசனை வந்தது. தபால் யார் வழியாகப் போகும் என்று கேட்டான், கடைக்கு வரும் ஒரு லாரிக்காரன் வாங்கிப் போவான் என்று பொய் சொன்னேன். பெயர்ப்பலகை விஷயத்தை நானாகச் சேர்த்தேன். "இது என்னாத்துக்கு?" என்றான். "இது இல்லன்னா நான் எழுதனதுன்னு நம்பமாட்டான்" என்றேன். விட்டுவிட்டான்.

உன் பதில் வந்ததும் நீ சொன்னபடி மடத்துக்கு ஓடியிருக்கலாம். ஓடினால் அன்றைக்கே விஷயம் தெரிந்து, சிஸ்டரைப் பிடித்து, தபால் போகும் வழியைப் பிடித்திருப்பார்கள். நீங்கள் இடம் மாற நாள் வேண்டியிருந்தது. அதனால் உட்கார்ந்து அந்தப் பெயர்ப்பலகையை வெட்டினேன். உள்ளே முதலில், வெளியே கடைசியில்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டு வெயில் முகத்தில் இருந்தது. துணியை விலக்கி, இது தையல் மெஷின் இல்லை என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்கள். இரண்டு பேர் என் தோளை அமுக்கினார்கள், ஒருவன் மெஷினை ஓடவிட்டான், சுரேந்தர் என் வலது கையை மேஜைமேல் வைத்துத் தள்ளினான். தோல் கிழிந்தது, சதை கிழிந்தது, எலும்பில் பட்டதும் பிளேடு டிங் என்று உடைந்தது. இன்னொன்றை மாட்டச் சொன்னான். அவர்களுக்கு மாட்டத் தெரியவில்லை. என்னையே மாட்டச் சொன்னான், ரெக்ஸ். ரத்தம் ஒழுகுகிற கையோடு நான் மாட்டிக் கொடுத்தேன். அதுவும் உடைந்தது. உன் மெஷின் என்னை வெட்ட மறுத்துவிட்டது என்று நான் சிரித்தேன் போலிருக்கிறது. அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. வண்டியிலிருந்து கொடுவாளை எடுத்து வந்தான். கட்டைவிரலும் அடுத்த இரண்டும் போயின.

வலித்தது. பொய் சொல்லமாட்டேன், மாடு மாதிரி கத்தினேன். பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது செத்துப்போகலாம் என்றுகூட நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. கேஸ் போட்டாகிவிட்டது. சுரேந்தர் ஜாமீனில் வந்திருக்கிறான். விசாரணை வரும், நான் கூண்டில் ஏறி இந்தக் கையைத் தூக்கிக் காட்டுவேன். எனக்கு வேண்டியது அந்த ஒரு நாள்தான். நீ வந்து எதையாவது செய்தால் அந்த நாளை என்னிடமிருந்து பிடுங்கிவிடுவாய். சுரேந்தர் விரலைத்தான் எடுத்தான்.

வராதே. அம்மாமேல் ஆணை. சுஜாதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இரு.

அக்கா

---

ஓசூர்
23 அக்டோபர் 2024

அன்புள்ள சுஜாதாவுக்கு எஸ்லின் எழுதுவது.

நலமா என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை. வெள்ளிக்கிழமை காலை நீ இத்தனை நாள் அணைத்து வைத்திருந்த போனைப் போட்டு, அவர் ராத்திரியே பட்டறைக் கொடுவாளைத் தீட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார், இப்போதுதான் டவர் கிடைத்தது, நிறுத்துங்கள் அண்ணி என்று கதறினாய். அதற்குப் பிறகு நான் கூப்பிடும்போதெல்லாம் உன் போன் அணைந்தே இருக்கிறது. யாரோ உனக்குச் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் நான் சொல்லித்தான் ஆகவேண்டும். உனக்கு உண்மை தெரிய வேண்டும்.

நீ போன் வைத்ததும் ஆட்டோ பிடித்து உத்தனப்பள்ளிக்கு ஓடினேன். ராயக்கோட்டை ரோட்டில் தக்காளி லோடு ஏற்றும் இடத்தில் கூட்டம். முதலில் எனக்குப் புரியவில்லை. தரையெல்லாம் சிவப்பாக இருந்தது, தக்காளிப் பெட்டிகள் சரிந்து நசுங்கிக் கிடந்தன. அதற்கு நடுவில் உன் அண்ணன் கிடந்தான். கழுத்திலும் தோளிலும் வெட்டு. வலது கை மணிக்கட்டோடு தனியாக, ஒரு பெட்டிக்குள் பழங்கள் மேல் கிடந்தது. கூட்டத்தில் ஒருத்தரும் கிட்டே போகவில்லை.

ரெக்ஸ் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "கையக் காட்டுக்கா" என்றான். இடது கையால் அறைந்தேன். எத்தனை அறை என்று தெரியாது. "முடிஞ்சிருச்சுக்கா. இனிமே உன்னைத் தேடி எவனும் வரமாட்டான்" என்றான். அந்தக் குரல் அப்படியே எங்கள் அப்பாவின் குரல். போலீஸ் வரும்வரை ஓடவில்லை. சேலம் ஜெயிலில் இருக்கிறான்.

சுரேந்தர் சாகும்போது உன் பெயரைச் சொன்னான் என்று எழுதலாம். உனக்கு ஆறுதலாக இருக்கும். நான் போகும்போது அவன் உயிரோடு இல்லை. அதனால் எழுதமாட்டேன்.

அவன் செத்ததற்கு நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன், சுஜாதா. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் அவன் சாவைத்தான் நினைத்துப் பல்லைக் கடித்தேன். கிடந்ததைப் பார்த்தபோது வாந்திதான் வந்தது. என் தம்பியை உயிரோடு வைத்திருக்கத்தான் இந்தக் கையைக் கொடுத்தேன். உயிரோடு இருக்கிறான். என் அம்மா கேட்டது அது மட்டுமில்லை. கையைப் பற்றி அவனுக்கு அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் என்று மனசு அடித்துக்கொள்கிறது. எழுதாவிட்டால் நேரில் வந்து பார்த்திருப்பான், அப்போதும் இதுதான்.

உன் அண்ணனுக்கு நவம்பர் இரண்டாம் தேதி காரியம் என்று பேசிக்கொள்கிறார்கள். என் தம்பி உன் அண்ணனைக் கொன்றவன். உன் அண்ணன் என் கையை வெட்டினவன். நமக்குள் இனி என்ன உறவு என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் வீட்டில் உனக்கு ஒரு அறை இருக்கிறது. வந்தால் வா. வராவிட்டால் உன்மேல் எனக்கு வருத்தமில்லை.

எஸ்லின்

---

28 அக்டோபர் 2024

அண்ணிக்கு சுஜாதா எழுதுவது. உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது.

உடம்பு நலம். போனை நான்தான் அணைத்து வைத்தேன். யாருடைய குரலையும் கேட்க முடியவில்லை.

என் அண்ணன் என்னைக் கொல்லத்தான் தேடினான், தெரியும். ஆனால் நாலு வயதில் எனக்கு டைபாய்டு வந்தபோது உத்தனப்பள்ளியிலிருந்து ஓசூர்வரை சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து மிதித்தவனும் அவன்தான். அவனுக்கே அப்போது கால் எட்டாது. என்னை "பாப்பா" என்று தவிர வேறு பெயரில் கூப்பிட்டதில்லை. உங்கள் கையை வெட்டியவன் அவன் என்று படித்தேன், நம்பினேன், அவனைச் சபித்தேன். அவன் செத்தான் என்று கேட்டதும் தரையில் விழுந்து அழுதேன். இரண்டும் நிஜம் அண்ணி. இதை யாரிடம் சொல்வது?

என்னைக் கொல்லப் புறப்பட்டபோது அண்ணன் என்னைக் கேட்கவில்லை. அண்ணனைக் கொல்லப் புறப்பட்டபோது உங்கள் தம்பியும் என்னைக் கேட்கவில்லை. நான் வாசலில் குறுக்கே படுத்தேன். தாண்டிப் போனார்.

நான் காரியத்துக்குப் போகிறேன். கூடப்பிறந்தவள், போகாமல் இருக்க முடியாது. அப்பா என்னை என்ன செய்வார் என்று தெரியும். அம்மா குறுக்கே விழுவாள் என்று ஒரு நம்பிக்கை. போகாதே என்று நீங்கள் எழுதினாலும் அந்தக் கடிதம் வருவதற்குள் கிளம்பிவிடுவேன். அவரிடமும் கேட்கவில்லை. ஜெயிலில் பார்த்தால் சொல்லுங்கள்.

என்னை உயிரோடு விட்டால், அன்றைக்குச் சாயங்காலம் ராயக்கோட்டை பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கு வருவேன். உங்கள் கேஸ் இனி நடக்குமோ நடக்காதோ, யார் கேட்டாலும் உங்கள் கையை வெட்டியது என் அண்ணன் என்று சொல்வேன். அவர் கேஸிலும் கூண்டு ஏறுவேன். அவர் கொடுவாளைத் தீட்டியதைப் பார்த்தேன் என்று சொல்வேன். உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் சொல்வேன். அதற்குப் பிறகும் அந்த அறை எனக்கு உண்டு என்றால் விளக்கைப் போட்டு வையுங்கள்.

இருட்டியும் நான் வராவிட்டால் நீங்கள் தேடி வரவேண்டாம். போலீஸை அனுப்புங்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரோஜாத் தோட்டத்தில் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணி.

சுஜாதா